வாக்கின் விலையும் வாக்கின் வலிமையும்: ‘மண்டேலா’ திரைப்படத்தின் அரசியற் கருத்துகள்

தேர்தலைப் பொருளாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் புதியன அல்ல. 1971இல் சோ நெறியாண்ட ‘முகமது பின் துக்ளக்’ தொடக்கம் 2018இல் முருகதாஸ் நெறியாண்ட ‘சர்கார்’ வரை, வாக்குச் சாவடியும் பிரசார மேடையும் நம் திரையிலே பலமுறை தோன்றியுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை இரண்டு பாதைகளுள் ஒன்றிலேயே சென்றிருக்கின்றன. அரசியலில் ஈடுபடுவோர் அனைவரும் அயோக்கியர், அவர்களைத் தெரிவு செய்வோர் அனைவரும் மூடர் என்று நகைத்துவிட்டு இரசிகரை வீட்டுக்கு அனுப்புவது ஒரு பாதை. எங்கிருந்தோ வந்த தனி வீரனொருவன் மக்களுக்காகத் தானே எல்லாவற்றையும் செய்து முடிப்பது மற்றைய பாதை. 1999இல் வந்த ‘முதல்வன்’ படத்திலே ஒருநாள் ஆட்சி பெற்ற இளைஞன் நாட்டைச் சீர்திருத்துகிறான். ‘சர்கார்’ படத்திலோ, தன் வாக்கை வேறொருவர் அளித்துவிட்டதைக் கண்டு சினங்கொள்ளும் பெருங் கம்பனியின் அதிபதியே மக்களின் மீட்பனாகிறான். கட்சித் தொண்டனொருவன் தான் நம்பிய கட்சியின் தேர்தல் வெற்றிக்காகவே பலியாக்கப்படுவதைக் காட்டிய பாரதிராஜாவின் ‘என் உயிர்த் தோழன்’ (1990) போன்ற படங்கள் அரிதானவையே.

இப்பின்னணியிலேதான் மடோன் அஸ்வின் எழுதி நெறியாண்ட ‘மண்டேலா’வை நாம் நோக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் 2021 ஏப்ரல் 6ஆம் நாள் நடைபெற்றது. அதற்கு இரண்டு நாட்கள் முன்னதாக, ஏப்ரல் 4இல், இப்படம் தொலைக்காட்சி வழியே மக்கள் முன் வந்தது. நெறியாளரின் முதற் படமாகிய இது அறிமுக நெறியாளருக்கான விருதையும் உரையாடலுக்கான விருதையும் இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளிலே பெற்றது. முற்போக்கான படம் என்று பலராலும் பாராட்டப்பட்டது. பாராட்டு தகுதியானதே. ஆயினும், முற்போக்கானது என்று நாம் ஒன்றை ஏற்கும்போது, அது மக்களுக்கு எந்த வழியைக் காட்டுகிறது என்று வினவுவதும் நம் கடமையாகிறது. பகைவனின் கலையைவிட நண்பனின் கலையையே நாம் கூடிய கண்டிப்போடு ஆராய்தல் வேண்டும்.

கதை எளிமையானது. சூரங்குடி என்ற கிராமம் வடக்கூர், தெற்கூர் என இரண்டு சாதிகளாகப் பிளவுண்டு கிடக்கிறது. ஊராட்சித் தலைவராகிய முதியவர் இரு சாதியிலும் ஒவ்வொரு பெண்ணை மணந்து ஊரை ஒன்றாக்க முயன்றவர். ஆனால் அவருடைய மைந்தர்களான இரத்தினமும் மதியும் தத்தம் தாயாரின் சாதிக்குத் தலைவர்களாகி நிற்கின்றனர். முதியவர் நோயுற்றதும் இருவரும் தேர்தலிலே எதிரெதிராகப் போட்டியிடுகின்றனர். பெருங் கம்பனியொன்றின் ஒப்பந்தத்தால் வரவிருக்கும் கோடிக்கணக்கான பணமே அவர்களின் ஆவலுக்குக் காரணம். வாக்குகளைச் சாதி பிரித்து எண்ணிப் பார்க்கிறார்கள். இரு பக்கமும் சமம். எஞ்சியிருப்பது ஒரேயொரு வாக்கு. அது ஊராரெல்லாம் ‘இளிச்சவாயன்’ என்றும் ‘ஸ்மைல்’ என்றும் அழைக்கும் சிகையலங்காரத் தொழிலாளியின் வாக்கு. ஆலமரத்தடியிலே வாழும் அவனுக்குத் தன் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. தபாற் கந்தோரில் வேலை பார்க்கும் தேன்மொழி என்ற பெண்தான் அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயரிட்டு அடையாள அட்டை பெற்றுக் கொடுக்கிறாள். நேற்றுவரை கூலியின்றி வேலை வாங்கிய ஊர், இன்று அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது. அவனுடைய வாக்கு ஏலத்துக்கு வருகிறது. பின்னர் அடியும் அழிவும் வருகின்றன. அடிபட்டவன் சிந்திக்கத் தொடங்கி, ஊருக்கு நன்மை செய்பவருக்கே தன் வாக்கு என்று அறிவிக்கிறான். வீதியும் விளக்கும் பாடசாலைத் திருத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு வந்து சேருகின்றன.

படத்தின் முதற் சிறப்பு, தேர்தற் கணக்கின் உள்ளடக்கத்தை அது அம்பலப்படுத்தும் முறையாகும். சூரங்குடியிலே எந்த அபேட்சகரும் கொள்கை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. வாக்களிப்பு நாள் வருவதற்கு முன்னரே முடிவு தெரிந்துவிடுகிறது. இரகசிய வாக்களிப்பு என்பது சனநாயகத்தின் பெருங் காவல் என்று நாம் பாடசாலைகளிலே கற்பிக்கிறோம். ஒருவன் பிறந்த வீட்டைக் கொண்டே அவனது வாக்கை எண்ணிவிட முடியுமாயின், அங்கு இரகசியம் ஏது? பெட்டி மூடியிருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பதை ஊரே அறியும். இதனை ஒரு சொற்பொழிவும் இல்லாமல், குறிப்பேட்டில் ஆட்களை எண்ணும் நகைச்சுவைக் காட்சியினாலேயே நெறியாளர் நிறுவிவிடுகிறார். பொதுவுக்கெனக் கட்டப்பட்ட மலசலகூடத்தின் திறப்பு விழா, யார் முதலில் நுழைவது என்ற சண்டையாக முடிவதும் இதே கணக்கின் மறுபக்கமேயாகும்.

இரண்டாவது சிறப்பு பெயரைப் பற்றியது. உழைப்பாளியொருவனுக்குப் பெயர் இல்லாமற் போவது தற்செயலான செய்தியன்று. ஊருக்கெல்லாம் தொண்டு செய்பவன் ஏவப்படுகிறான், அழைக்கப்படுவதில்லை. ஏவுவதற்குப் பட்டப் பெயர் போதும். தன் சேமிப்பைப் பாதுகாக்கத் தபாற் கந்தோருக்குச் சென்ற பின்னரே, தான் யார் என்ற வினாவை அவன் முதன்முதலாக எதிர்கொள்கிறான். குடியுரிமை என்பது வெறும் தத்துவமல்ல. எழுத்தில் பதிந்த பெயர் அது என்பதைப் படம் நன்குணர்ந்திருக்கிறது. இலங்கை வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாட்டிலே, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கற்றவராக்கப்பட்டனர். தாளிலே வந்த உரிமை தாளிலேயே போகவும் கூடும். ஆகவே, அடையாள அட்டையைக் கையில் வாங்கும் மண்டேலாவின் முகமலர்ச்சியை நாம் அற்பமாகக் கருத மாட்டோம்.

வாக்கை ஏலம் விடும் காட்சி மிகையானது என்று சிலர் கூறக்கூடும். தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கூறார். வாக்காளருக்குப் பணம் பங்கிடப்பட்டமையால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்திவைக்க நேர்ந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலின்போது, தலைவர் பதவியே ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. திரையில் நாம் காணும் ஏலம் நடப்பின் நிழலேயன்றிக் கற்பனையின் கூத்தன்று. வாக்கை விற்கும் ஏழையை ஏசுவது எளிது. ஐந்தாண்டுக் காலம் எவரும் எட்டிப் பாராத குடிசைக்கு ஒருநாள் மட்டும் பணம் வருமாயின், அப்பணமே அவன் ஆட்சியிடமிருந்து நேரிற் பெறும் ஒரே பலனாகிறது. படத்தின் முற்பகுதி இதனைப் புரிந்துகொண்டு, மண்டேலாவின் பேராசையை அவனது வறுமையிலிருந்தே பிறப்பிக்கிறது.

ஆனால் பிற்பகுதி வேறொரு தர்க்கத்தைத் தழுவுகிறது. நம் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

மண்டேலாவுக்கு எப்படி வலிமை வந்தது? இரு பக்கத்து வாக்குகளும் சமமாக நின்றமையால் வந்தது. வாக்குகள் சமமாயின் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது இந்தியத் தேர்தல் முறையின் வழக்கம். அந்தக் குலுக்கற் சீட்டின் இடத்திலே நெறியாளர் ஒரு மனிதனை வைத்திருக்கிறார். சீட்டுக்கு உயிரும் மானமும் இருந்தால் என்ன நிகழும் என்பதே கதை. கதைக்கு இது அருமையான கரு. அரசியலுக்கு இது ஆபத்தான பாடம். ஏனெனில், ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்குகள் கூடுதலாக இருந்திருப்பின் மண்டேலா ஆலமரத்தடியிலேயே கிடந்திருப்பான். அவனுடைய வாக்கின் மதிப்பு அதன் அருமைப்பாட்டிலிருந்து, அதாவது சந்தையிலே அரிதான பண்டத்துக்கு விலை ஏறும் அதே விதியிலிருந்து, பிறக்கிறது. ஏலத்தை வெறுக்கும் படம் ஏலத்தின் விதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. பணத்துக்குப் பதிலாக வீதியும் விளக்கும் விலையாகின்றன, விற்பவனின் மனம் திருந்துகிறது, சந்தை திருந்தவில்லை. ஊரிலுள்ள ஏனையோரின் வாக்குகள் முன்போலவே சாதித் தலைவர்களின் பைகளிலேயே இருக்கின்றன.

இதிலிருந்து இன்னொரு குறையும் பிறக்கிறது. ஊருக்கு வரும் நன்மைகள் அனைத்தும் மேலிருந்தே வருகின்றன. இரண்டு எசமானர்கள் ஒருவரையொருவர் முந்துவதற்காகச் செய்யும் தருமம் அது. மக்கள் பெறுகிறார்கள், கேட்கவில்லை. அவர்களுக்காக ஒருவன் கேட்கிறான். வாக்களித்து முடிந்த அக்கணமே அவன் கையிலிருந்த ஆயுதம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த தேர்தலில் அந்தச் சமநிலை இராது. போட்ட வீதியைப் பேணுவது யார்? கம்பனியின் ஒப்பந்தத்தை எதிர்ப்பது யார்? கோடிக்கணக்கில் பணம் கொட்டும் அவ்வொப்பந்தமே இப்படத்தில் மூலதனத்தின் ஒரே தடயம். இரு சகோதரரையும் ஆட்டிவைக்கும் அச்சக்தி, கதையைத் தொடக்கிவைத்த பின்னர் பின்னணியிலேயே நின்றுவிடுகிறது. ஊரின் நிலம் யாருக்குச் சொந்தம், கூலி எவ்வளவு, யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்பவை எவையும் நமக்குத் தெரிவிக்கப்படவில்லை. நிலத்தைக் காட்டாமல் கிராமத்துச் சாதியைக் காட்டுவது வேரை விட்டுவிட்டு மரத்தை வரைவதாகும்.

சாதி பற்றிய சித்திரிப்பிலேதான் படத்தின் பெரும் இடைவெளி உள்ளது. மண்டேலாவை நெறியாளர் தன்னந்தனியனாகப் படைத்திருக்கிறார். கிருதா என்ற உதவியாளனைத் தவிர அவனுக்கு ஆளில்லை, உறவில்லை, அவனுடைய மக்கள் வாழும் தெரு ஒன்று ஊரில் இல்லை. உண்மைக் கிராமங்களிலே ஒடுக்கப்பட்டவன் தனியாளாக இருப்பதில்லை. அவனுக்குக் குடும்பமும் தெருவும் உண்டு. அவனோடொத்த துயரங்கொண்டோர் பலர் உண்டு. அவர்கள் ஒன்றுகூடக்கூடும் என்ற அச்சமே ஆதிக்கத்தின் கொடுமைக்குக் காரணமாகிறது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளிலே தலைவர் பதவிகள் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டபோது நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலவளவிலே 1997 ஜூன் 30இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்ற தலித் மக்களும் பட்டப்பகலிற் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில், 1996 தொடக்கம் 2006 வரை, தலித் ஒருவர் அப்பதவியில் முறையாக அமர்வதற்கு ஆதிக்க சாதியினர் இடங்கொடுக்கவில்லை. இவ்வூர்களிலே ஒடுக்கப்பட்டவனின் வாக்கை எவரும் ஏலத்தில் எடுக்கவில்லை. வாக்கு அதிகாரமாக மாற முற்பட்டபோது அதனை அரிவாளாலும் ஊர்க்கட்டுப்பாட்டாலும் தடுத்தனர். சூரங்குடியிலும் அடியுண்டு, அழிவுண்டு. ஆனால் அவை ஏலத்திலே ஏமாந்தவர்களின் சினமாகவே காட்டப்படுகின்றன.

மண்டேலா வீடுகளுக்குள் முன்வாயிலால் நுழைய முடியாதவன் என்பதைப் படம் தொடக்கத்திலே காட்டுகிறது. பின்வாயிலே அவனுக்குரியது. இது மிகக் கூர்மையான குறியீடு. அவன் இறுதியில் ஊருக்காகக் கேட்கும் பட்டியலிலே வீதி இருக்கிறது, பாடசாலை இருக்கிறது, முன்வாயில் இருக்கிறதா? இழிவுபடுத்தப்பட்டவன் தன்னை இழிவுபடுத்திய ஊரின் அபிவிருத்திக்காகத் தன் ஒரே உரிமையைச் செலவிடுகிறான். அவன் பெருந்தன்மை நம் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் பெருந்தன்மையை ஒடுக்கப்பட்டவனிடமே எதிர்பார்க்கும் பழக்கம் நம் கலையிலே நெடுங்காலமாக ஊறிக் கிடப்பது என்பதையும் சொல்லாமல் இருக்க இயலாது.

குடிமைத் தொழில் முறையை நன்கறிந்த யாழ்ப்பாணத்துச் சமூகத்துக்கு இந்த முன்வாயில் அந்நியமானதன்று. பொது இடங்களிலே சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இலங்கையில் நிறைவேறியது. அதற்குப் பின்னரும் தேநீர்க் கடைகளும் கோவில்களும் மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த போராட்டங்களுமே அக்கதவுகளை அசைத்தன. அம்மக்களுக்கு 1931 முதலே வாக்குரிமை இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வாக்களித்தும் திறவாத கதவு, அணிதிரண்டு நின்றபோது அசைந்தது. வாக்கு பயனற்றது என்று நாம் இதனாற் சொல்லவில்லை. அமைப்பாகத் திரண்ட மக்களின் கையிலேதான் வாக்கு வலிமை பெறுகிறது என்றே சொல்கிறோம்.

படம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் இதையே உரைக்கிறது. நெல்சன் மண்டேலா இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்தவர். 1994 ஏப்ரலில், தம் எழுபத்தைந்தாவது வயதில், டர்பன் நகருக்கு அண்மையிலுள்ள இனாண்டாவிலே தம் வாழ்வின் முதல் வாக்கை அளித்தார். அந்த ஒற்றை வாக்குக்குப் பின்னால் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் இருந்தது. தொழிற்சங்கங்களும் மாணவர் எழுச்சிகளும் எண்ணற்ற உயிர்த் தியாகங்களும் இருந்தன. தென்னாபிரிக்காவிலே போராட்டத்தின் முடிவாக வாக்கு வந்தது. சூரங்குடியிலோ தபாற் கந்தோரில் கிடைத்த வாக்கே போராட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெயரை இரவல் வாங்கிய படம், அப்பெயரைப் பெற்றெடுத்த இயக்கத்தை இரவல் வாங்க மறந்தது.

அரசியலிலே ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அச்சமத்துவத்தை மறுத்துக்கொண்டிருக்கும் முரண்பாடு நீடிக்க முடியாதென அம்பேத்கார் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையிலே எச்சரித்தார். ‘மண்டேலா’ அந்த முரண்பாட்டின் மீதே எழுந்த படம். முரண்பாட்டை அது கூர்மையாகக் காண்கிறது. அதன் தீர்வைத் தனிமனிதனின் மனமாற்றத்திலே தேடுகிறது.

நகைச்சுவைப் படமொன்றின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்று சிலர் வினவலாம். மக்களைச் சென்றடையும் கலை எதுவாயினும், அது ஏற்படுத்தும் எண்ணங்களுக்குப் பொறுப்பேற்றே தீரவேண்டும். மேலும், இப்படத்தின் நகைச்சுவை அற்பமானதன்று. பிற படங்களிலே தோற்றத்துக்காகக் கேலி செய்யப்பட்டு வந்த யோகி பாபு, இங்கே தன் மௌனத்தாலும் தயங்கிய பார்வையாலும் அக்கேலியைக் கேலி செய்தோரின் பக்கமே திருப்பிவிடுகிறார். சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கிப் பாய்கிறது. நம் வணிகச் சினிமாவின் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. நல்லெண்ணம் படைத்த முதியவரின் திருமணங்களால் சாதி ஒழியவில்லை, அது இரண்டு பிள்ளைகளாக வளர்ந்து நின்றது என்ற சித்திரிப்பும் சீர்திருத்தவாதத்தின் எல்லையை நன்கு உணர்த்துகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் இறுதி நம் கவனத்துக்குரியது. மண்டேலா யாருக்கு வாக்களித்தான், யார் வென்றார் என்பது சொல்லப்படவில்லை. அவனுக்குத் தீங்கு காத்திருக்கும் அந்நேரத்திலே, ஊர் மக்கள் சாதியின் எல்லையைக் கடந்து அவன் பக்கம் வந்து நிற்கின்றனர். அதுவரை எண்ணிக்கையாக மாத்திரம் இருந்தவர்கள் அப்போதுதான் மக்களாகின்றனர். படம் முழுவதும் ஒற்றை வாக்கின் கதையைச் சொன்ன நெறியாளர், முடிவிலே தம் கதையையே மறுக்கும் உண்மையொன்றைத் தொட்டுவிடுகிறார்: அவனைக் காப்பாற்றுவது அவனது வாக்கல்ல, சூழ்ந்து நிற்கும் மனிதர்களே. யதார்த்தத்தை நேர்மையோடு நோக்கும் கலைஞனை, அவன் வகுத்துக்கொண்ட கருத்தையும் மீறி, யதார்த்தமே சில வேளைகளில் வழிநடத்திச் செல்கிறது.

எனவே ஆசிரியரும் மாணவரும் இப்படத்தைச் சேர்ந்திருந்து பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம். பார்த்தபின், அந்த ஊர் மக்கள் தேர்தலுக்கு மறுநாள் என்ன செய்திருப்பர் என்ற வினாவை எழுப்ப வேண்டும். பழையபடி வடக்கூருக்கும் தெற்கூருக்கும் பிரிந்து சென்றிருப்பரா? அல்லது மண்டேலாவை முன்வாயிலால் அழைத்து அமரவைத்து, கம்பனியின் ஒப்பந்தத்தைப் பற்றிக் கூடிப் பேசியிருப்பரா? படம் முடிந்த இடத்திலே அந்த விவாதம் தொடங்க வேண்டும்.